கத்தரிப் புழுவைத் தனித்து வெல்ல இயலாது

கத்தரி, சிறு விவசாயிகளுக்கு வாரந்தோறும் கைச்செலவுக்குப் பணம் தரும் பயிர். ஆயினும் பறித்த காய்களைத் தரம் பிரிக்கையில், துளை விழுந்தவை ஒருபுறம் குவியக் காணாத குடியானவர் இல்லை. இச்சேதத்தை விளைவிப்பது தண்டையும் காயையும் துளைக்கும் புழுவாகும். அதன் வாழ்க்கையை அறிந்தால்தான் அடக்கும் வழி புலப்படும்.

வெண்ணிறச் சிறகில் பழுப்புத் திட்டுகளுடைய சிறிய தாய் அந்துப்பூச்சி, இரவு வேளையில் இலை, மொட்டு, பிஞ்சு ஆகியவற்றின்மீது முட்டையிடுகிறது. சில நாட்களில் வெளிவரும் புழு, இளஞ்செடியாயின் நுனித்தண்டையும், காய்ப்புக் காலமாயின் பிஞ்சையும் குடைந்து புகுகிறது. புகுந்த வழியைத் தன் கழிவினாலேயே அடைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் உள்ளேயே உண்டு வளர்ந்து, பின் துளையிட்டு வெளியேறிச் சருகுகளிடையே கூடு கட்டுகிறது. ஆகவே, காயில் பெரிய துளை தெரியும்போது புழு பெரும்பாலும் வெளியேறிவிட்டது. அதன்பின் அக்காய்க்காக மருந்து தெளிப்பது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமே.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் இப்புழு மிகும். குளிர் மாதங்களில் சற்று மந்தமாகும். ஆயினும் ஏதேனும் ஒரு கொல்லையில் ஆண்டு முழுவதும் கத்தரி நிற்பதால், அது முற்றிலும் அற்றுப்போவதில்லை.

புழு உள்ளே மறைந்திருப்பதால் மேலே படும் மருந்து அதனை எட்டுவதில்லை. இதனால் விவசாயிகள் மீண்டும் மீண்டும் தெளிக்கின்றனர். செலவு பெருகுவதோடு, உண்ணும் காயிலும் விஷம் தங்குகிறது. முன்பு பயிர்களுக்குத் தாராளமாகத் தூவப்பட்ட டி.டி.டி., 1989-இல் வேளாண்மையில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தொடர்ந்து தெளித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்து, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகும்.

செய்யத்தக்கவை எளியவை:

1. வாரம் ஒருமுறை வாடித் தொங்கும் நுனிகளைக் கிள்ளியும், புழு தாக்கிய காய்களைப் பறித்தும் ஆழப் புதைக்க வேண்டும். வரப்பில் எறிந்தால் புழு ஊர்ந்து தப்பிவிடும்.

2. ஏக்கருக்கு 5 வீதம் இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்து ஆண் பூச்சிகளைப் பிடிக்கலாம்.

3. வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் 5 கிலோவை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

4. அறுவடை முடிந்ததும் பழஞ்செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும். விறகுக்கென அடுக்கிய காய்ந்த செடிகளிலிருந்தும் பூச்சிகள் வெளிவரும். மறுபருவத்தில் அந்நிலத்தில் கத்தரி, தக்காளி இனங்களைத் தவிர்த்து வேறு பயிரிடுதல் நன்று.

ஆனால் ஒருவர் மட்டும் இவற்றைச் செய்து பயனில்லை. அடுத்த கொல்லையில் கருவுற்ற தாய்ப்பூச்சி இரவில் பறந்து வந்து இங்கே முட்டையிடும். அதனைப் பொறி தடுக்காது. ஆதலால் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்து, வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, கத்தரி பயிரிடுவோர் அனைவரும் அன்றே நுனி கிள்ளவும் சொத்தைக்காய் பறிக்கவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். பொதுக்குழி ஒன்றும் வெட்டித் தரலாம். பொறிகளைப் பற்றிய விவரங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம்.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. வரப்புக்கு இருபுறமும் உள்ளவர்கள் ஒரே நாளில் வயலில் இறங்கினால் போதும்.