பங்கா இயந்திரமும் பன்னாட்டு உரிமையும்

சென்ற பரீட்சையின்போது மின்சாரம் நின்று, தலைக்கு மேலிருந்த விசிறியும் நின்றுவிட்டது. மதுரை வெயிலில் நாங்கள் பட்ட பாட்டைக் கண்ட ஆசிரியை, "அக்காலத்தில் பங்கா இழுப்பதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள், தெரியுமா?" என்றார். பங்காவைப் பற்றி அறியப் போன எங்களுக்கு வேறொரு செய்தி கிடைத்தது.

1856-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள், கல்கத்தாவில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர், பங்கா இழுக்கும் இயந்திரத்துக்குத் தனியுரிமை வேண்டி அரசுக்கு மனுச் செய்தார். இந்தியாவின் முதல் காப்புரிமை மனு அதுவே. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்து அரசியின் இசைவைப் பெறாமல் இயற்றப்பட்டதால் அந்தச் சட்டமே மறு ஆண்டு நீக்கப்பட்டது! 1859-இல் புதிய சட்டம் வந்தது.

டிபென்னிங் என்ற பெயரைத் தாங்கிய 'டிபென்னிங் அண்ட் டிபென்னிங்' நிறுவனம் பிறர் கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்றுத் தருவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. கல்கத்தாவில் பிறந்த அந்நிறுவனத்தின் தலைமையகம் இப்போது நம் சென்னையில் இருக்கிறது.

கண்டுபிடித்தவர் தம் இரகசியத்தை ஊரறிய எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, இப்போதைய சட்டப்படி 20 ஆண்டுகள் பிறர் அதைச் செய்யாதபடி தடுக்கும் உரிமையை அரசு அளிக்கிறது. ஆனால் இந்த உரிமை நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். சென்னையில் பெற்ற காப்புரிமை ஜப்பானில் செல்லாது. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே மனுச் செய்யவேண்டும். பெரும்பாலும் அந்நாட்டு முகவர் வழியாகவே செய்யவேண்டும். ஆகவேதான் இத்தகைய நிறுவனங்கள் உலகெங்கும் உள்ள வழக்கறிஞர்களோடு தொடர்பு வைத்திருக்கின்றன. அவர்கள் வேலை இங்கே வரும். இங்குள்ள வேலை அங்கே போகும். 1883-இல் உருவான பாரிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1998-இல் சேர்ந்தது. அதன்படி இங்கே முதலில் மனுச் செய்தவர், 12 மாதங்களுக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் மனுச் செய்தாலும் முதல் தேதியே கணக்கில் கொள்ளப்படும்.

இது ஏதோ பெரிய தொழிற்சாலைகளின் கவலை என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் காயத்துக்கு மஞ்சள் பூசும் நம் பாட்டிமார் வைத்தியத்துக்கே 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது! நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. "எங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று வாயால் சொன்னால் அங்கே எடுபடாது. எழுத்தில் சான்று வேண்டும். பழைய வடமொழி நூலும், 1953-இல் இந்திய மருத்துவ இதழில் வெளியான கட்டுரையும் கைகொடுத்தன. 1997-இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. பாட்டி சொன்னதை யாரோ எழுதி வைத்திருந்தார்கள், பிழைத்தோம்!

நம் மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேற்றூர்ப் பூவை மதுரை மல்லி என்று விற்பதைத் தடுக்க இது உதவும். ஆனால் அந்தப் பதிவும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து புறப்படும் பூ சிங்கப்பூரில் போய் இறங்கும்போது, அதன் பெயருக்கு உரிய பாதுகாப்பை அந்நாட்டுச் சட்டப்படிதான் தேடிக்கொள்ள வேண்டும்.