மடிக்கணினிக்குப் புதுத் தட்டும் பாகப்பிரிவினையும்

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, தேவிகுளம், மூணாறு என்று பரவி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் வீட்டில் மடிக்கணினி (லேப்டாப்) இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மலைக்குக் கீழே படித்த பிள்ளைகள் வாங்கி வந்தவையும் அவற்றில் உண்டு. "ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாத்தான் திறக்குது" என்பதே இப்போது பொதுவான குறை. இதற்காகப் புது மடிக்கணினி வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உள்ளே இருக்கும் வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) மாற்றினாலே போதும். எப்படி என்று பார்ப்போம்.

வேகம் எங்கே போகிறது?

பழைய வன்தட்டுக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். தேடும் கோப்பு ஊசிமுனைக்குக் கீழே வரும்வரை கணினி காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இப்படிக் காத்துக் காத்துப் படிப்பதால்தான் தாமதம். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைத் தட்டில் சுழலும் பாகமே கிடையாது; எல்லாம் சில்லுகள்.

நம் மலைப்பாதைக்கும் அதுவே ஏற்றது. பழைய தட்டின் ஊசிமுனை, தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மடிக்கணினியை அணைக்காமல் மூடி, பையில் போட்டு, ஜீப்பில் 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கினால் அந்த முனை தட்டில் உரசிவிடலாம். உரசிய இடத்தில் இருந்த படம் போனது போனதுதான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது இரண்டரை அங்குல சாட்டா வகை. பழைய தட்டு 9.5 மில்லிமீட்டர் கனம் இருக்கலாம், எஸ்.எஸ்.டி. பொதுவாக 7 மில்லிமீட்டர். ஆடினால் சிறு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரியாகிவிடும். சற்றுப் புதிய மடிக்கணினிகளில் எம்.2 என்ற பட்டை வடிவம் வரும். மிக மெல்லிய சில மாடல்களில் சில்லைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அதை மாற்ற முடியாது.

500 ஜி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 465 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும், விண்டோஸ் 1,024 ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.

மாற்றும் முறை

முதலில் முக்கியமான கோப்புகளை ஒரு வெளித்தட்டில் நகல் எடுங்கள். இதை முடிக்காமல் திருப்புளியைத் தொடக் கூடாது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். இல்லையென்றால் புது விண்டோஸில் கோப்பு திறக்கும், ஆனால் வாசிக்க முடியாது.

பிறகு புதுத்தட்டை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் பழைய தட்டை அப்படியே பிரதி எடுக்கலாம். புதுத்தட்டு பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருப்பது நல்லது. எது பழையது, எது புதியது என்று பெயரையும் அளவையும் இருமுறை பார்த்துவிட்டே சம்மதம் கொடுங்கள். திசை மாறினால் காலித்தட்டு நிறைந்த தட்டின் மேல் எழுதப்பட்டுவிடும். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் பேட்டரியில் முழுச் சார்ஜ் வைத்து, இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யவும். முடிந்ததும் அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுத் தட்டை மாற்றுங்கள்.

பாகப்பிரிவினை

ஒரே நிலத்தைக் கல் நட்டுப் பிரிப்பதுபோல் ஒரே தட்டை சி, டி என்று பிரிப்பதே பார்ட்டிஷன். எல்லைக் கணக்கு தட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். 1983இல் வந்த எம்.பி.ஆர். முறையில் நான்கு முதன்மைப் பாகங்கள்தான். 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு எட்டாது. பின்னால் வந்த ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பாகம் வரை ஏற்கும்.

பெரிய தட்டுக்கு மாறியபின் மிச்ச இடம் கடைசியில் சும்மா கிடக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தில், சி-க்கு வலப்பக்கம் ஒட்டியே காலியிடம் இருந்தால்தான் சி-யை நீட்ட முடியும். நடுவில் ரெக்கவரி பாகம் நின்றால் மறுக்கும். ஜிபார்ட்டெட் என்ற இலவசக் கருவியால் அதை வலப்பக்கம் நகர்த்திவிட்டு நீட்டலாம்.

அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. "இது எதுக்கு?" என்று அந்தப் பாகத்தை அழித்தால், கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலின் கோப்புகளும் அதோடு போய், விண்டோஸும் திறக்காது. முதலில் விண்டோஸின் தொடக்க நிரலை மீட்டமைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தவிர, கேரளப் பள்ளிகளில் ஐ.டி. பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. இங்கே படிக்கும் பிள்ளைக்கு ஒரு பாகத்தை லினக்ஸுக்கு விட்டுவைப்பது பயன்தான்.

டி என்பது காப்பு அல்ல

"சி போனா என்ன, போட்டோ எல்லாம் டி-யில இருக்குல்ல?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். விண்டோஸ் கெட்டால் டி தப்பும், உண்மை. தட்டே கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே லயத்து வீட்டில் நடுவே சுவர் வைத்ததால் அது இரண்டு வீடு ஆகிவிடாது.

பிழைக்க வந்த இடத்தில் நமக்குக் காகிதம்தான் பலம். தாத்தாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் இவற்றை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் மூன்று நகல் வைக்க வேண்டும்: கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைப் பறிகொடுத்தோம். வீடுகளோடு வீட்டிலிருந்த பொருள்களும் புதைந்தன. ஆகவே மூன்றாவது நகல் போடியிலோ தேனியிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

கழற்றிய பழைய தட்டை ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டால் அதுவே வெளித்தட்டாகிவிடும். நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். விற்பதானால் வெறும் ஃபார்மட் போதாது, மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் உங்கள் ஆதார் நகலை எடுத்துவிட முடியும். முழுத்தட்டின் மேலும் ஒருமுறை எழுதி அழித்தபின் கொடுங்கள். பள்ளி விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளையும் கூட உட்காரவைத்து இந்த வேலையைச் செய்தால், அடுத்த முறை அவர்களே செய்துவிடுவார்கள்.