சூளகிரிக் கல்லும் டெட்ராடேனைட்டும்

2008 செப்டம்பர் 12 அன்று ஓசூர் பக்கம் சூளகிரி அருகே ஒரு விண்கல் விழுந்தது. எடை சுமார் 110 கிலோ. 2004 வரை அது தருமபுரி மாவட்டம், இப்போ கிருஷ்ணகிரி. விழுந்த ஊரின் பெயரைத்தான் விண்கல்லுக்கு வைப்பார்கள். அதனால் உலகப் பட்டியலிலும் அதன் பெயர் 'சூளகிரி'தான்.

வகை எல்எல்6. 'எல்எல்' என்றால் மொத்த இரும்பும் குறைவு, தனி உலோகமும் குறைவு. '6' என்றால் தாய்க்கோளுக்குள் நன்றாகச் சூடாகி, பிறகு மெதுவாக ஆறிய கல்.

இந்த வகைக் கற்களில் இருக்கும் கொஞ்ச உலோகத்தில் நிக்கல் அதிகம். அதில் காணப்படும் அபூர்வமான கனிமம் டெட்ராடேனைட். 1980-ல்தான் இந்தப் பெயரே வந்தது.

அப்படி என்ன விசேஷம்? இரும்பும் நிக்கலும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. சாதாரணக் கலவையில் இரண்டு அணுக்களும் கலைந்து கிடக்கும். டெட்ராடேனைட்டில் ஒரு அடுக்கு இரும்பு, ஒரு அடுக்கு நிக்கல் என மாறி மாறி இருக்கும். இந்த வரிசைதான் அதை வலுவான நிலைக்காந்தமாக்குகிறது.

சிக்கல் என்னன்னா, இந்த வரிசை சுமார் 320 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் நிலைக்கும். அந்த வெப்பத்தில் அணுக்கள் இடம் மாறுவதே அரிது. விண்பாறைக்குள் 10 லட்சம் ஆண்டுகளுக்குச் சில டிகிரி என்ற வேகத்தில் ஆறியதால் அவை ஒழுங்காக அடுக்கிக்கொண்டன. நம்ம உலைக்கு அவ்வளவு பொறுமை ஏது!

இது வெறும் அருங்காட்சியகச் சமாசாரம் இல்லை. இன்று ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கம் மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. இத்தகைய வண்டிகளின் மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது நியோடிமியம் காந்தம். அதற்கான அருமண் தனிமங்களில் பெரும்பங்கு சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இங்கே வாகனத் தொழில் தடுமாறியது. டெட்ராடேனைட்டுக்கோ அருமண் தேவையே இல்லை. இரும்பும் நிக்கலும் போதும்.

1960-களிலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் நியூட்ரான்களைப் பாய்ச்சி இந்த வரிசையைச் செயற்கையாக உருவாக்கினார்கள். ஆனால் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவர முடியாது. 2022-ல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று, பாஸ்பரஸ் சேர்த்தால் வார்ப்பிலேயே இது உருவாகிறது என்று அறிவித்தது. இருந்தும் மோட்டாருக்குள் வைக்கும் காந்தமாக இன்னும் அது வரவில்லை.

ஆக, கச்சாப்பொருள் பஞ்சமில்லை. பற்றாக்குறை காலத்துக்குத்தான். பல லட்சம் ஆண்டு வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்க வழி கண்டுபிடிப்பவருக்குத்தான் இந்தக் காந்தம்.