அந்தப் பாவு முடிந்துவிட்டது
கடைவீதி வழியே – 17

சென்ற வாரம் மணப்பாறையில் முறுக்கு சுடும் அடுப்புகளுக்கு அருகே நின்றோம். இந்த வாரம் கொடும்பாளூர்.

திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டித் தெற்கே வந்தால் இந்த ஊர். புரட்டாசி வெயிலில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஏந்தம்பி, டவுன்ல கைத்தறிக்குத் தள்ளுபடி போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

"அப்ப இந்த வாரமே போயிரணும். போன வருசம் கத்தரிப்பூக் கலர்ல ஒரு கண்டாங்கி பாத்தேன். கையில காசு வரட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன். பத்து நாள் கழிச்சுப் போனா இல்ல. இன்னொண்ணு வருமான்னு கேட்டேன். 'அந்தப் பாவு முடிஞ்சிருச்சுக்கா'ன்னுட்டாரு."

'லிமிடெட் எடிஷன்' என்று இன்று கடைகள் கூவி விற்கும் விஷயத்தின் மூலப் பொருளை அந்தக் கடைக்காரர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பண்டிகை நாளுக்கென்று வரும் சரக்கு, குறைந்த எண்ணிக்கை, தவறவிட்டால் மறுபடி கிடைக்காது என்ற பதைப்பு. இந்த மூன்றும் கைத்தறியில் யாரும் திட்டமிடாமலே கூடி வருகின்றன. எப்படி என்று பார்க்க, கொடும்பாளூர் நல்ல இடம்.

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு இது வானதியின் ஊர். வரலாற்றில் இருக்குவேளிரின் தலைநகர். பூதி விக்கிரமகேசரி 10-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மூவர் கோயிலில் மூன்று விமானங்கள் இருந்தன. இன்று நிற்பவை இரண்டு. கோயிலைப் பார்க்க வருபவர்கள் பலர் இந்த ஊரின் இன்னொரு முகத்தைக் கவனிப்பதில்லை. இது வணிகர்களின் ஊர். 'கொடும்பாளூர் மணிக்கிராமத்தார்' என்ற வணிகக் குழுவினர் கல்வெட்டுகளில் வருகிறார்கள். மணிக்கிராமம் என்ற அதே பெயர் கடல் தாண்டி, தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் இருக்கிறது. அங்கே வெட்டப்பட்ட குளமொன்று மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டதாக அது சொல்கிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் உறையூரிலிருந்து மதுரைக்குப் புறப்படும்போது, வழியில் சந்திக்கும் மறையவர் ஒருவர் இந்த ஊர்க் குளத்தங்கரையில் பாதை மூன்றாகப் பிரிவதைச் சொல்கிறார். அவர்கள் கிளம்பிய உறையூரோ துணிக்குப் பெயர்போனது. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உறையூரிலிருந்து பாண்டிய நாட்டுக்குத் தரைவழியே போன துணிப்பொதிகளுக்கும் இந்தப் பாதையே இயல்பான பாதை. அதே தடத்தில் இன்று நாம் துணி எடுக்கப் பேருந்து ஏறுகிறோம்.

இனி அந்தப் பாவுக்கு வருவோம். தறியில் நீளவாக்கில் கட்டும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவின் நிறமும் கரையின் அமைப்பும் தறியில் ஏற்றும்போதே முடிவாகிவிடும். பட்டுத் தறியில் ஒரு பாவுக்குச் சில சேலைகள்தான் வரும். காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் கனமான வேலைப்பாடு இருந்தால் ஒரு சேலைக்கே இரண்டு வாரம்கூட ஆகும். பருத்தியில் வேகம் கூடும் என்றாலும், நாளொன்றுக்கு ஒரு சேலை என்பதே நல்ல உழைப்பு. பாவு தீர்ந்ததும் நெசவாளர் வேறு நிறத்தில் புதிய பாவு ஏற்றுவார். பழைய நிறத்தைத் திரும்பக் கேட்டால், சாயம் போடுவதிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதும் அதே சாயல் அமைவது அரிது.

இதோடு மழை சேர்ந்துகொள்கிறது. பருத்திப் பாவுக்குக் கஞ்சி போட்டு, தெருவில் நீளமாக விரித்து, வெயில் ஏறுவதற்குள் கோதி உலர்த்த வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் தெருவில் பாவு விரிக்க முடியாது. குழித்தறி போட்ட வீடுகளில் குழிக்குள் ஈரம் ஊறும். தீபாவளியோ அதே ஐப்பசியில் வருகிறது. ஆகவே தீபாவளிச் சேலை ஆடியிலும் ஆவணியிலும் தறியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் கூட்டம் கேட்கிறதென்று கூடுதலாக நெய்து அனுப்ப எந்த நெசவாளராலும் இயலாது. மழைக்கு முன் நெய்து வந்ததுதான் அந்த ஆண்டின் சரக்கு.

இந்தச் சரக்கைப் பண்டிகையோடு இணைத்துத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்த நிறுவனம் கோ-ஆப்டெக்ஸ். தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் என்பது அதன் முழுப் பெயர். தொடங்கியது 1935-இல். பட்டாம்பூச்சிச் சின்னத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். ஆண்டுதோறும் மழைக்கு முன்பே தீபாவளித் தள்ளுபடி விற்பனை தொடங்கும். மாவட்டம்தோறும் ஆட்சியர்கள் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கும் படம் நாளிதழ்களில் வரும். 30 சதவீதத் தள்ளுபடியும் அந்த ஆண்டின் புது வடிவங்களும் அப்போதுதான் கடைக்கு வரும். அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாக் கடன் உண்டு. 'கனவு நனவு' என்ற சேமிப்புத் திட்டமும் உண்டு. மாதம் ஒரு தொகை கட்டி வந்தால் கடைசித் தவணையை நிறுவனமே செலுத்தும். சேர்ந்த பணத்துக்குத் துணி எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சேமிப்புத் திட்டம் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. தை மாதத்திலேயே ஒரு குடும்பம் ஐப்பசிச் சேலைக்குப் பணம் கட்டத் தொடங்குகிறது. அங்கே ஒரு நெசவாளர் அதே சேலைக்கு நூல் வாங்குகிறார். முகம் அறியாத இரண்டு வீடுகள் ஒரு தீபாவளியை நோக்கி மாதக்கணக்கில் காத்திருக்கின்றன.

தள்ளுபடி என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் பசியின் வரலாறும் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் துணி தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் தமிழகமெங்கும் பட்டினியில் வாடின. 1953-இல் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து விற்றார். அதே ஆண்டு மத்திய அரசு ஆலைத் துணிக்குக் கூடுதல் வரி விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பிவிடச் சட்டம் கொண்டுவந்தது. விலைச் சீட்டில் நாம் காணும் தள்ளுபடி, தேங்கிய துணி நகர்ந்தால்தான் அடுத்த பாவுக்கு நூல் வாங்க முடியும் என்ற கணக்கிலிருந்து பிறந்தது.

இப்போது இன்னொரு காட்சி. 2021 ஆகஸ்டில் ஆடை வடிவமைப்பாளர் சப்யசாசியும் எச் அண்ட் எம் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆடைகளுக்காக இந்தியாவின் பெருநகரங்களில் கடை திறக்கும் முன்பே வரிசை நின்றது. இணையத்தில் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. இந்தியக் கைவினைச் சாயல் கொண்ட அந்த அச்சு வடிவங்களில் இந்தியக் கைவினைஞர்களுக்குப் பங்கில்லையே என்று கைவினை அமைப்புகள் அப்போது திறந்த மடல் எழுதின. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆலையில் அச்சிடும் துணியை இன்னும் பத்தாயிரம் மீட்டர் அச்சிட முடியும். அதைக் குறைவாக வைப்பது விற்பவர் எடுக்கும் முடிவு. 'முடிந்துவிடும்' என்ற அச்சமே அங்கே விற்பனைச் சரக்காகிறது.

ஆவலோடு காத்திருந்து வாங்குவதைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஜப்பானில் புத்தாண்டுக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத 'புகுபுகுரோ' பைகளை வாங்க மக்கள் பனியில் வரிசை நிற்கிறார்கள். நம் வீடுகளில் தீபாவளி மலருக்கு முகவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்கென்று ஒரு சுவை உண்டு. அந்த ஆவல் இல்லையென்றால் பண்டிகையும் மற்றொரு கிழமையாகிவிடும். நம் ஆவல் யாருடைய கையில் காசாகப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய கட்டங்கள், அகலக் கரை, கனத்த பருத்தி. கொடும்பாளூர் அக்கா தேடிய சேலை அதுதான். குறியீடு கிடைத்த பிறகும் விசைத்தறியில் ஓடிய போலிகள் அதே பெயரில் பாதி விலைக்கு விற்கின்றன. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் வாங்குபவர் கேட்காத வரை சட்டம் ஏட்டில்தான் இருக்கும்.

பேருந்து வந்தது. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு ஏறினார். இந்த முறை அவருக்குக் கத்தரிப்பூ நிறம் கிடைக்காமல் போகலாம். வேறொரு பாவின் வேறொரு நிறம் நிச்சயம் கிடைக்கும். அந்த நிறத்திலும் சில சேலைகள்தான் இருக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை காத்திராதீர்கள். தள்ளுபடி தொடங்கும் வாரமே போங்கள். சேலையில் 2006 முதல் நடைமுறையில் இருக்கும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஊரில் நெய்தது, யார் நெய்தது என்று கேளுங்கள். நீங்கள் சீக்கிரம் எடுக்கும் ஒவ்வொரு சேலையும், மழை பிடிப்பதற்குள் ஒரு வீட்டில் அடுத்த பாவு ஏற வழி செய்யும்.

(தொடரும்)