வாடகை வீட்டுக்குக் கொடுத்த ஆதார் ஜெராக்ஸ்: அரசு எதைப் பாதுகாக்கிறது, எது வெளியே நிற்கிறது?

வேலைக்காக பிம்ப்ரிக்கு வந்து வீடு தேடுபவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மகாராஷ்டிராவில் 11 மாத வாடகை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆகணும். 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆன்லைன் பதிவு என்றால் ஏஜென்ட் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்துவிடுவார். ஆதார் எண், போட்டோ, விரல் ரேகை மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கிறோம். கூடவே ஆதார் ஜெராக்ஸ் ஒன்று ஓனருக்கு, ஒன்று புரோக்கருக்கு, ஒன்று சொசைட்டி ஆபீஸுக்கு.

அரசின் பாதுகாப்பு எண்ணிலேயே தொடங்குகிறது. 12 இலக்கங்களை வைத்து உங்கள் ஊரையோ பிறந்த ஆண்டையோ கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு எண்ணில் 2011 வரை முதல் மூன்று இலக்கங்கள் எந்தப் பகுதி என்பதைக் காட்டிக் கொடுத்தன.

அடுத்து சேமிப்பு. ஆதார் எண்ணை வைத்திருக்கும் அமைப்புகள் அதைத் தனிப் பெட்டகத்தில் குறியாக்கம் செய்து வைக்க வேண்டும், மற்ற கோப்புகளில் மாற்றுக் குறியீடுதான் இருக்கணும் என்று 2017 ஜூலையில் ஆதார் ஆணையம் உத்தரவிட்டது. அதே ஆண்டு, சுமார் 210 மத்திய, மாநில அரசு இணையதளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரி, ஆதார் எண்ணைப் பகிரங்கமாகக் காட்டிக்கொண்டிருந்ததை ஆணையமே ஒப்புக்கொண்டது. ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை.

எண் மட்டும் தெரிந்தால் பணம் போய்விடாது. ஆனால் ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனைக்கு எண், வங்கிப் பெயர், விரல் ரேகை போதும், ஓடிபி கேட்காது. நிலப் பத்திரங்களில் இருந்த ரேகையை சிலிக்கானில் வார்த்துப் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. எண்ணும் ரேகையும் ஒரே தாளில் இருப்பதுதான் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 திருத்தத்தின்படி, ஆஃப்லைனில் ஆதாரைச் சரிபார்ப்பவர்கள் எண்ணைச் சேகரித்து வைக்கக் கூடாது. நடைமுறையில் டிராயரில் ஜெராக்ஸ் குவிகிறது, கேட்க ஆளில்லை. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டத் தேவை இல்லாமல் தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்பதற்கோ நகல் எடுப்பதற்கோ தடை இருக்கிறது. நகலை யாருக்கும் கொடுக்காதீங்க என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. சொன்னது நல்ல யோசனைதான்.

ஓனருக்கும் சொசைட்டிக்கும் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்க. ஆணையத்தின் இணையதளத்திலேயே டவுன்லோடு செய்யலாம். கைரேகையை எம்-ஆதார் செயலியில் லாக் செய்து, ஒப்பந்தப் பதிவு நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறங்க. உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அதே தளத்தில் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1947. பணமே போயிருந்தால் 1930-க்கும் வங்கிக்கும் உடனே சொல்லிடுங்க.