நமுத்த வெடியும் சின்னக் காரும்

2025 ஜூன் மாதம் பிரெஞ்சு அரசு, சிட்ரோயன் சி3 என்ற சின்னக் காரின் பழைய மாடலை வைத்திருந்தவர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஏர்பேக்கை மாற்றும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. வடகிழக்கு பிரான்சில் நடந்த விபத்து ஒன்றில் உயிரைக் காக்க வேண்டிய ஏர்பேக்கே வெடித்துச் சிதற, காரை ஓட்டி வந்த பெண் இறந்து சில நாட்களே ஆகியிருந்தன. திருவள்ளூர் ஆலையிலிருந்து 2022 முதல் வரும் சி3 வேறு வண்டி, பெயர் மட்டும்தான் ஒன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பழைய சி3யில் இருந்தவை ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள். அவற்றுக்குள் இருந்த அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் ஈரத்தையும் வெயிலையும் வாங்கிக் கெட்டுப்போனதால் வெடித்தன என்பது செய்தியில் இருந்த விளக்கம். சிவகாசியிலோ திருத்தங்கலிலோ வளர்ந்து, இன்று பாரிஸிலோ கோலாலம்பூரிலோ சின்னக் கார் ஓட்டுகிற ஒருவர் அதைப் படித்தால் இந்த இடத்தில் கண்டிப்பாக நின்றுவிடுவார். ஈரம் பட்ட வெடி நமுத்துப் போகும். திரி சீறும், புஸ்ஸென்று புகை வரும், அவ்வளவுதான். தீபாவளியன்று மழையில் நனைந்த சரத்தை அடுப்பங்கரையில் காயவைத்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். அப்படியிருக்க, ஈரம் பட்ட ஏர்பேக் மட்டும் எப்படி முன்னைவிடப் பலமாக வெடித்தது?

இது சரியான கேள்வி. ஏர்பேக் என்பதும் அடிப்படையில் ஒரு வெடிதான். நம்மூர் வெடியில் திரி இருக்கும் இடத்தில் அங்கே மெல்லிய மின்கம்பி. அது சூடேறி முதலில் ஒரு சிட்டிகை பற்றவைப்பு மருந்தைக் கொளுத்தும். சுற்றிக் கட்டிய காகிதமும் சணலும் இருக்கும் இடத்தில் துளைகள் போட்ட எஃகுக் குப்பி. உள்ளே, சிவகாசியில் எல்லோரும் சொல்கிற அதே பெயரில் சொன்னால், மருந்து. பட்டாசு மருந்து சத்தத்துக்கும் நிறத்துக்கும் கலக்கப்படுகிறது. ஏர்பேக் மருந்தின் வேலை வாயுவைத் தருவது மட்டும். எரிந்து வரும் வாயு துளைகள் வழியே பாய்ந்து பையை நிரப்பும்.

நேரம்தான் இதில் பெரிய விஷயம், சின்னக் காருக்கு இன்னும் பெரிய விஷயம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்க இடமிருந்தால் வண்டி நிற்க ஏறத்தாழ 86 மில்லிசெகண்டு ஆகும். சராசரி வேகத்தணிப்பு புவியீர்ப்பைப் போல 16 மடங்கு. மூக்கு குட்டையாகி நசுங்கும் தூரம் 40 சென்டிமீட்டராகக் குறைந்தால் கிடைப்பது 58 மில்லிசெகண்டுதான், தாங்க வேண்டியது 25 மடங்கு. சென்சார் புரிந்துகொள்வது, மருந்து எரிவது, பை விரிவது எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். கண் இமைக்கும் நேரம் இதைவிட நீளம். 2014 ஜனவரியில் வெளியான சோதனையில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்ட்டோ 800, நானோ, ஐ10 உள்ளிட்ட ஐந்து இந்தியச் சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிட்டபோது, ஏர்பேக் இல்லாத அந்த ஐந்தும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்ற விதி இந்தியாவில் 2019 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக்கும் ஜெர்மானியரான வால்டர் லின்டரரும் 1950களின் தொடக்கத்தில் தனித்தனியே காப்புரிமை வாங்கினார்கள். இருவரும் நம்பியது அழுத்திய காற்றை. அந்த வேகம் போதவில்லை. 1960களில் ஜப்பானின் யசுசபுரோ கொபோரி வெடிமருந்தைக் கொண்டு பையை விரிக்க முயன்றார். பிறகு வந்த சோடியம் அசைடு நன்றாக வேலை செய்தது, ஆனால் நச்சு. அதற்கு மாற்றாகப் பல நிறுவனங்கள் குவானிடின் நைட்ரேட்டுக்குப் போயின. டகாட்டா 2000த்தை ஒட்டி அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது. விலை மலிவு, எரிந்தால் மிச்சம் வைக்காமல் கிட்டத்தட்ட முழுதும் வாயுவாகிவிடும், குப்பியும் சின்னதாக இருந்தால் போதும். ஸ்டியரிங்கின் நடுவே இடமில்லாத வண்டிகளுக்கு இது பெரிய கவர்ச்சி.

நைட்ரேட்டுகளில் எது எப்படிப்பட்டது என்று பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கை அனுபவமாகவே தெரியும். 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டினால்தான் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சோடியம் நைட்ரேட்டுக்கு 72 சதவீதம் போதும். அம்மோனியம் நைட்ரேட்டுக்கோ 60 சதவீதம். காற்றில் 80 சதவீத ஈரம் சாதாரணமாக இருக்கும் மலேசியாவில் அதைத் திறந்து வைத்தால் கண்ணெதிரே கரையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். கோலாலம்பூரில் அதைப் போல மூன்று மடங்கு மழை பெய்கிறது.

அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. 32 டிகிரியைத் தாண்டும்போது அதன் படிகங்கள் உள்ளுக்குள் அடுக்கு மாற்றிக்கொள்ளும். கன அளவு மூன்று நான்கு சதவீதம் மாறும். வெப்பம் இறங்கினால் பழைய அடுக்குக்குத் திரும்பும். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே பகலில் 60 டிகிரி தாண்டுவதும் இரவில் 25க்கு இறங்குவதும் வெப்பநாடுகளில் தினசரி நடப்பது. டகாட்டாவின் பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல; படிகத்தை நிலைப்படுத்த அவர்கள் சேர்த்த பொருளே பொட்டாசியம் நைட்ரேட், நம் வெடியுப்புதான். ஆனால் குப்பியின் அடைப்புகள் வழியே ஈரம் அணு அணுவாக உள்ளே போனது. பகல் சூட்டில் அது மருந்து வில்லைகளைவிட்டு வெளியேறும், இரவில் திரும்பவும் ஒட்டும். பத்து ஆண்டு என்றால் 3,650 பகலும் அத்தனை இரவும். நிலைப்படுத்திய படிகமும் அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. கெட்டியாக அழுத்திய வில்லை சிறுகச் சிறுக ஊதி, உள்ளே நுண்துளைகளும் விரிசல்களும் விழுந்தன.

முழு மர்மமும் அந்தத் துளைகளில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள விருதுநகர் பரோட்டாக் கடைக்குப் போவதே உத்தமம்.

ஒரே எடையில் இரண்டு உருண்டை மாவை எடுத்துக்கொள்வோம். ஒன்றை அப்படியே கெட்டியாகத் தட்டி எண்ணெயில் போட்டால் மேல்புறம் சிவக்கும், நடுப்பகுதி நெடுநேரம் பச்சையாகவே கிடக்கும். எண்ணெயின் சூடு மேலிருந்து ஒவ்வோர் அடுக்காகத்தான் உள்ளே இறங்க முடியும். மாஸ்டர் மற்றொன்றை வீசி, சுருட்டி, அடுக்கடுக்காக்கிப் போடுகிறார். இப்போது எண்ணெய் இடைவெளிகளில் புகுந்து எல்லா அடுக்கையும் ஒரே நேரத்தில் தொடும். மாவும் எண்ணெயும் சூடும் மாறவில்லை. எண்ணெய் தொடும் பரப்பு மட்டும் பல மடங்காகிவிட்டது. புதிய ஏர்பேக்கின் வில்லை கெட்டி மாவைப் போன்றது: தீ மேற்பரப்பில் மட்டும் எரியும், அளவோடு வாயு வரும், குப்பியின் துளைகள் அதை வெளியேற்றிவிடும். ஈரமும் வெயிலும் பிசைந்த வில்லை பரோட்டாவாகிவிடுகிறது. தீ அடுக்குகளுக்குள் நுழைந்து எல்லாப் பரப்பையும் ஒரே நொடியில் பற்றிக்கொள்கிறது.

இந்த உவமையை இன்னும் ஓர் எட்டு இழுக்கலாம். சட்டியை இறுக மூடி, மூடியில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டு, உள்ளே அழுத்தம் ஏற ஏற மாவு இன்னும் வேகமாக வெந்து, வேகமாக வெந்ததால் ஆவி இன்னும் கூடி, அதனால் அழுத்தம் மேலும் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் இப்படி ஒரு சட்டி கிடையாது. ஏர்பேக் குப்பிக்குள் நடப்பது இதுதான்: அழுத்தம் கூடினால் மருந்து எரியும் வேகம் கூடும், வேகம் கூடினால் அழுத்தம் கூடும். துளைகள் போதாமல் போகும் கணத்தில் எஃகே கிழிந்து சில்லுகளாகப் பறக்கிறது.

நமுத்த சரவெடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இப்போது விளங்கும். நனைந்த வெடியில் தண்ணீர் கொளுத்தும்போதும் உள்ளேயே இருக்கிறது. தீயின் சூட்டை அதுவே ஆவியாகிக் குடித்துவிடும். ஊறி இளகிய காகிதமும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்காது. ஏர்பேக்கில் மொத்தமாக நுழைந்த ஈரம் மிகக் கொஞ்சம். தீயை அணைக்கும் அளவு அதில் இல்லை, வில்லையைக் குலைக்கும் அளவு இருந்தது. பழுது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, சுற்றி நிற்பதோ நனையாத எஃகு. எனவே சிவகாசிப் பிள்ளையின் அனுபவம் பொய்யில்லை. ஈரம் இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்கிறது.

பட்டாசு ஆலையிலும் ஈரம் எப்போதும் நமுக்க வைப்பதோடு நிற்காது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் வினை தொடங்கி உள்ளுக்குள் சூடு ஏறும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு இதுவும் காரணம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தை அந்தப் பகுதி மறக்கவில்லை. மருந்தைப் பற்றி அங்கே இருக்கும் அறிவு மிகப் பெரிய விலை கொடுத்துப் பெற்றது.

ஏர்பேக்குகள் வெடித்த காரணத்தை உறுதி செய்ய ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிலையம் உட்படப் பல ஆய்வுக் குழுக்கள் உழைத்தன. கார் நிறுவனங்கள் சேர்ந்து அமர்த்திய ஆர்பிட்டல் ஏடிகே குழு 2016 பிப்ரவரியில் மூன்று காரணங்களைச் சொன்னது: ஈரத்தை உறிஞ்சும் பொருள் இல்லாத அம்மோனியம் நைட்ரேட் மருந்து, ஈரத்தை உள்ளே விடும் குப்பி அமைப்பு, வெக்கையும் ஈரமும் மாறி மாறி வரும் தட்பவெப்பம். மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. அமெரிக்காவில் ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் அதிகமாக வெடித்ததும் அதனால்தான். பிரான்சிலும் பெரும்பாலான உயிரிழப்புகள் கரீபியன், இந்தியப் பெருங்கடல் பக்கத்துக் கடல்கடந்த மண்டலங்களில் நேர்ந்தன. ஐரோப்பாவில் 2024இல் தெற்குப் பகுதிக் கார்களை மட்டும் நிறுத்தச் சொன்னதும் இந்தக் கணக்கில்தான். வடக்கில் மெதுவாக நடக்கிறதே தவிர, நடக்காமல் இல்லை என்பதை 2025 ஜூன் காட்டியது.

அமெரிக்காவுக்கு வெளியே முதல் மரணம் 2014இல் மலேசியாவில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்றில். அந்த நாட்டில் சின்னக் கார் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில். கஞ்சில் என்றால் மலாய் மொழியில் சருகுமான். 660 சிசி எஞ்சின். வெளிநாட்டில் வேலைக்குப் போகும் ஒருவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு சின்ன வண்டியை, அதுவும் இரண்டாவது மூன்றாவது கை மாறியதை. ஆபத்து வந்து சேரும் வழியும் அதுவே. மருந்து கெட ஆண்டுகள் வேண்டும். பழைய கார்தான் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். திரும்ப அழைக்கும் கடிதமோ முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போகும். நியாயமில்லாத ஏற்பாடு இது. பதிவுப் புத்தகத்தில் உள்ள 17 எழுத்துச் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் பதில் கிடைக்கும், மாற்றித் தருவதும் இலவசம். ஊருக்கு அனுப்பும் பணக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் பழைய சிட்டி, ஜாஸ் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். ஹோண்டா இங்கேயும் அவற்றைத் திரும்ப அழைத்திருக்கிறது.

'காருக்குள் குண்டு' என்று அலறும் தலைப்புகளை நம்பி ஏர்பேக்கையே கழற்றிவிடுவது பெரிய தவறு. அமெரிக்காவில் 2017 வரை முன்பக்க ஏர்பேக்குகள் காப்பாற்றிய உயிர்கள் 50,000க்கு மேல் என்பது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணிப்பு. ஆறு ஏர்பேக் என்று பெருமையடிக்கும் விளம்பரத்தை அப்படியே விழுங்குவதும் தவறுதான். சீட் பெல்ட் போடாமல் முன்னே சாய்ந்து வருபவரை விரியும் பை காயப்படுத்தவே செய்யும்.

டகாட்டா 2017 ஜூனில் திவாலானது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, சோதனை முடிவுகளைத் திருத்திக் காட்டிய குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்ட இசைந்தது. உலகம் முழுதும் திரும்ப அழைக்கப்பட்ட ஏர்பேக்குகள் ஏறத்தாழ 10 கோடி. மாற்றாகப் பொருத்தியவற்றில் ஒரு பகுதி அதே மருந்து கொண்ட புதிய குப்பிகள்தான். அவற்றை மறுபடியும் மாற்ற வேண்டியிருந்தது. பிற்காலத்து டகாட்டா குப்பிகளில் ஈரத்தை உறிஞ்ச ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தை வைத்தார்கள். நாக்பூரின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வகம் வடிவமைத்து, பட்டாசு பற்றிய 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சிவகாசி தயாரிக்கும் பசுமைப் பட்டாசிலும், தூசியைக் குறைக்க அதே ஜியோலைட் சேர்க்கப்படுகிறது. அது வைத்த குப்பிகளை எல்லாம் திரும்ப அழைக்குமாறு அமெரிக்க அரசு 2020இல் உத்தரவிடவில்லை; ஆனால் வயதான குப்பிகளைக் கழற்றிச் சோதிப்பதை அத்தோடு நிறுத்தவுமில்லை.