மத்தேயுவைப் பற்றிச் சொல்வது யார்?

திருமுல்லைவாயிலில், சி.டி.எச். ரோட்டோரக் கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். தம்பிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பெரிய பிள்ளைகளுக்கு சண்டே கிளாஸ் எடுக்கிறார்.

“அண்ணே, ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு மாட்டி விட்டுட்டா. மத்தேயு எழுதின சுவிசேஷம்னு மேல போட்டிருக்கு. உள்ள ஒன்பதாம் அதிகாரத்துல மத்தேயு ஆயத்துறையில உட்கார்ந்திருந்த கதையை வேற யாரோ சொல்ற மாதிரி இருக்கே, அவரே எழுதினா ‘நான்’னுதானே வரணும்ங்கறா. அடுத்த வாரம் சொல்றேன்னு தப்பிச்சு வந்துட்டேன்.”

அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு சபாஷ் போடுங்கள் என்றேன். வேதாகம வினாடி வினாவில் எந்தப் புத்தகத்தில் எத்தனை அதிகாரம் என்று ஒப்பிப்பதைவிட இந்தக் கேள்வி நூறு மடங்கு மேல். ஆனால் ‘நான்’ வரவில்லை என்பது மட்டும் போதாது. ரோமாபுரி ஜூலியஸ் சீசர் தன் போர்களைப் பற்றித் தானே எழுதியபோதும், யாரோ ஒரு சீசரைப் பற்றிச் சொல்வதைப் போலத்தான் எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுதுவது வழக்கம்தான்.

வலுவான சான்று வேறு. மாற்கு சுவிசேஷத்தில் உள்ள செய்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவிலும் இருக்கிறது. பல இடங்களில் கிரேக்க வாசகம்கூட அப்படியே ஒத்துப்போகிறது. மாற்கு பன்னிரண்டு சீஷரில் ஒருவர் அல்ல. மத்தேயு அவர்களில் ஒருவர். கூடவே இருந்து கண்ணால் பார்த்தவர், பார்க்காதவர் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் எழுத வேண்டும்? இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர், மாற்கு முதலில் சுமார் 70-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது, மத்தேயுவும் லூக்காவும் அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை என்று கருதுவது இதனால்தான். நான்கு சுவிசேஷங்களிலும் உள்ளே எங்கும் ‘இதை எழுதியவன் இன்னார்’ என்று பெயர் கிடையாது. யோவானின் கடைசி அதிகாரம்கூட இயேசு நேசித்த ஒரு சீஷனைச் சுட்டுகிறதே தவிர, பெயர் சொல்வதில்லை. நான்கையும் நான்கு பெயர்களோடு சேர்த்துத் தெளிவாகச் சொல்லும் ஆதாரம், லியோன் நகரத்துப் பேராயர் ஐரேனியஸ் சுமார் 180-இல் எழுதியது.

இதை நம் ஊர்க்காரருக்குப் புரியவைக்க வெகுதூரம் போக வேண்டாம். இங்கே மாசிலாமணீஸ்வரர் கோயில் இருக்கிறது. சுந்தரர் இந்தத் தலத்தைப் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உண்டு. அதன் கடைசிப் பாட்டில் நாவல் ஆரூரன் என்று தன் பெயரைத் தானே வைத்துவிடுகிறார். பின்னால் யார் ஏட்டைப் படியெடுத்தாலும் பெயர் பாட்டோடு போகும். சுவிசேஷக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. பல சுவிசேஷங்கள் ஒரே சபையில் புழங்க ஆரம்பித்த பிறகு, எது எதென்று பிரித்தறியத் தலைப்பில் பெயர் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே பலருடைய கணிப்பு.

“அப்ப அந்தப் பேரெல்லாம் பொய்யா?”

பொய் என்பது அவசரச் சொல். எராப்போலி ஊர்ப் பேராயர் பப்பியா இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, மாற்கு பேதுருவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, கேட்டதை எழுதிவைத்தார் என்று குறித்திருக்கிறார். பிற்காலத்தில் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் அதைத் தன் நூலில் எடுத்தெழுதியதால் நமக்குக் கிடைத்தது. ஆக, பெயர்களுக்குப் பின்னால் பழைய நினைவு ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு உறுதி என்பதில்தான் சண்டை. பிள்ளைகளிடம், ‘சபை இப்படிச் சொல்லி வந்தது, புத்தகத்துக்குள் பெயர் இல்லை’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். ஒன்பதாம் வகுப்புக்கு அது தாங்கும்.

நான் பாடம் எடுத்தால் மத்தேயுவில் தொடங்கவே மாட்டேன். புதிய ஏற்பாட்டில் அச்சிட்ட வரிசை வேறு, எழுதிய வரிசை வேறு. இருப்பதில் பழையவை பவுலின் நிருபங்கள். முதலாம் தெசலோனிக்கேயர் சுமார் 50-ஆம் ஆண்டு. பவுல் பெயரில் 13 இருக்கின்றன. அவற்றில் ஏழு அவருடையதே என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஏறக்குறைய தகராறு இல்லை. தீமோத்தேயு, தீத்து போன்றவற்றை அவர் வழிவந்தவர்கள் அவர் பெயரால் எழுதினார்கள் என்பது பலர் கட்சி. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

முதல் வகுப்புக்கு பிலேமோன். இருபத்தைந்தே வசனம். ஓடிப்போன ஒநேசிமு என்ற அடிமைக்காக அவன் எஜமானுக்கு எழுதிய கடிதம். யார், யாருக்கு, எதற்கு என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாம் வகுப்புக்கு ரோமர் 16. அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. பவுல் சொல்லச் சொல்லக் கையால் எழுதியவர் தெர்தியு. வாழ்த்துகளுக்கு நடுவே அவரே தலையை நீட்டித் தன் வாழ்த்தையும் சொல்லிவிட்டுப் போகிறார். அதிகாரத்தின் தொடக்கத்தில் கெங்கிரேயா சபையின் பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் சிபாரிசு செய்கிறார். கடிதத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவர் அந்த அம்மாள்தான் என்று கருதுகிறார்கள். சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர். ‘எழுதினது யார்’ என்ற ஒரே கேள்வி இங்கே மூன்றாக உடைந்துபோகிறது. கலாத்தியர் கடைசியில் பவுல் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதுவதாகச் சொல்வதையும் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது லூக்காவின் முதல் நான்கு வசனம். தனக்கு முன்பே பலர் எழுதியிருக்கிறார்கள், தான் விசாரித்து வரிசைப்படுத்துகிறேன் என்று தெயோப்பிலுவிடம் வெளிப்படையாகச் சொல்லும் ஓர் ஆசிரியர். இவ்வளவையும் பார்த்த பிறகு மத்தேயுவுக்கு வந்தால், அந்தப் பெண்ணின் கேள்வி யாரையும் மிரட்டாது.

நம் கையில் இருக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கும் இதே கதை உண்டு. மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1708-இல் மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார். நான்கு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், மீதி அடுத்த ஆண்டும் அச்சேறின. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள், ஓலையில் எழுதியவர்கள், அச்சுக் கோத்தவர்கள் எல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு நம் வேப்பேரியில் பப்ரிசியுஸ். புதுச்சேரியிலிருந்து பிரிட்டிஷ் படை கைப்பற்றி வந்த அச்சுக்கூடம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தியதுதான் இன்று சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதல். பிள்ளைகளை ஒரு நாள் வேப்பேரிக்கு ரயிலில் கூட்டிப்போனால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

“மூலப் பிரதி எங்கே இருக்குன்னு கேட்பாங்களே?”

எந்தப் புத்தகத்துக்கும் ஆசிரியர் கைப்பட்ட பிரதி இல்லை. மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் யோவான் 18-ஆம் அதிகாரத்தின் பாப்பிரஸ் துண்டு ஒன்று உள்ளது. ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும். பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடம். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பொதுவான மதிப்பீடு, 1935-இல் வெளியிட்டார்கள். படத்தைக் காட்டினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். புத்தகங்களின் பட்டியல் எப்போது வந்தது என்றும் கேட்பார்கள். புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 புத்தகங்களை அப்படியே பட்டியலிடுவது, அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ் 367-இல் எழுதிய பாஸ்கா மடல்.

கடைசி வகுப்புக்கு எபிரெயர் நிருபத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதில் பெயரே கிடையாது. பர்னபா என்றார் தெர்த்துல்லியன். அப்பொல்லோவாக இருக்கலாம் என்றார் லூத்தர். 1900-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹார்னாக், பிரிஸ்கில்லாள் என்ற பெண்தான் எழுதியிருப்பார் என்று ஒரு வாதம் வைத்தார். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன், அது கடவுளுக்குத்தான் தெரியும் என்று கையை விரித்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு பிரிஸ்கில்லாள்னுதான் சொல்லுவா, அண்ணே.”

சொல்லட்டும், என்ன ஆதாரம் என்று மட்டும் கேளுங்கள் என்றேன்.